கடல் தெரியாத வீடு

எங்கள் வீட்டில் ஓய்வுக்காலத்தை மெக்சிகோவில் கழிக்கலாம் என்ற பேச்சு எழுந்ததே கார் கண்ணாடியில் உறைந்த பனியைச் சுரண்டிக்கொண்டிருந்த ஒரு காலையில்தான். சிகாகோவில் இருபத்தேழு வருடம் சுரண்டியாயிற்று. அன்றைக்கு இவர் சுரண்டியைக் கீழே போட்டுவிட்டு, "ஏ பிள்ள, போதும். இன்னும் ரெண்டு குளிர்காலம், அதுக்கு மேல நான் இங்க இருக்க மாட்டேன், கேட்டியா" என்றார். நாகர்கோவில்காரர். கோபம் வந்தால் மட்டும் ஊர்ப் பேச்சு முழுசாக வெளியே வரும்.

ஊருக்கே திரும்பலாமே என்று கேட்காதவர்கள் இல்லை. பிள்ளைகள் இரண்டு பேரும் அமெரிக்காவில்; பேரன் சிகாகோவிலேயே. நாகர்கோவிலிலிருந்து ஓர் அவசரத்துக்கு வந்து சேர ஒன்றரை நாள் ஆகும். மெக்சிகோவின் பசிபிக் கரையில் இருக்கும் புவெர்த்தோ வயார்த்தாவிலிருந்து நேர் விமானத்தில் நாலரை மணி நேரம். எங்கள் கணக்கு அவ்வளவுதான். அதற்கு மேல் அதில் தத்துவம் எதுவும் கிடையாது.

முதல் தடவை போனது 2022 பிப்ரவரியில். பிப்ரவரியில் அந்தக் கரையில் பிடிக்காத ஊர் என்று ஒன்று இருக்கவே முடியாது. பகலில் இருபத்தேழு, இருபத்தெட்டு டிகிரி. ராத்திரி மெல்லிய போர்வை. பந்தேராஸ் வளைகுடாவில் கூன்முதுகுத் திமிங்கிலங்கள் குட்டியோடு துள்ளுவது உணவகத்து நாற்காலியிலிருந்தே தெரியும். கடலோர நடைபாதையை அங்கே 'மலேகோன்' என்கிறார்கள். அதில் ஒருவர் பெரிய சுரைக்குடுக்கையோடு நின்று வெளிர் ரோஜா நிறத்தில் ஏதோ விற்றுக்கொண்டிருந்தார். மேலே ஆப்பிள் துண்டும் வால்நட்டும் தூவியிருந்தார். பெயர் 'தூபா'. ஒரு வாய் குடித்ததும் நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். தென்னங்கள்! கொஞ்சமே கொஞ்சம் புளித்தது, இனிப்புச் சேர்த்தது.

அப்புறம்தான் விவரம் தெரிந்தது. 1565 முதல் 1815 வரை மணிலாவுக்கும் அகபுல்கோவுக்கும் இடையே கப்பல் ஓடியது. அதில் வந்த பிலிப்பைன்ஸ் மாலுமிகள்தான் பாளை சீவும் தொழிலை இந்தக் கரைக்குக் கொண்டுவந்தார்கள். தூபா அவர்கள் மொழிச் சொல். சந்தையில் 'மாங்கோ மணிலா' விற்கிறார்கள். 'மாங்கோ' என்ற சொல்லின் மூலம் நம் பக்கத்து மாங்காய். பதிலுக்கு இங்கிருந்து நமக்கு வந்தது சப்போட்டா. அங்கத்துப் பழங்குடிகளின் நாவாட்டில் மொழியின் 'சபோத்ல்'தான் நம் வாயில் சப்போட்டா ஆகியிருக்கிறது. அன்று ராத்திரியே இவர் மடிக்கணினியைத் திறந்து வீட்டு விலை பார்க்கத் தொடங்கிவிட்டார். இரண்டு தம்ளர் தூபாவின் வேலை.

எனக்கு அவ்வளவு சீக்கிரம் மனசு இறங்காது. நான் தீவிர சிகிச்சைப் பிரிவு நர்ஸ். மாரடைப்போடு வருகிறவருக்கு, ஆஸ்பத்திரி வாசலை மிதித்த 90 நிமிடத்துக்குள் அடைப்பை நீக்க வேண்டும் என்பது எங்கள் துறைக் கணக்கு. அந்தக் கணக்கிலேயே வாழ்ந்துவிட்டவளுக்கு எந்த ஊரைப் பார்த்தாலும் முதலில் வருகிற கேள்வி, இங்கிருந்து இதயக் குழாய் சிகிச்சை செய்யும் இடம் எவ்வளவு தூரம் என்பதுதான். இரண்டாவது, நடைபாதை. வயார்த்தாவின் பழைய நகரம் கொள்ளை அழகு. வெள்ளைச் சுவர், ஓட்டுக்கூரை, காகிதப்பூக் கொடி. ஆனால் தெருவெல்லாம் உருண்டைக் கல். நடைபாதை ஓரிடத்தில் முழங்கால் உயரம், அடுத்த அடியில் பள்ளம். 'கடல் தெரியும் வீடு' என்று தரகர் கூட்டிப்போன கோன்ச்சாஸ் சீனாஸ் மலைச்சரிவில் தெருவிலிருந்து வாசலுக்கு எழுபத்திரண்டு படி. எண்ணிப் பார்த்தேன். இவருக்கு அறுபத்து நாலு வயது அப்போது. எழுபத்தெட்டு வயதில் இந்தப் படியில் ஒரு ஸ்ட்ரெச்சரை எப்படி இறக்குவார்கள் என்று கேட்டேன். தரகர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

அடுத்த பிப்ரவரி, பார்ரா தே நவிதாத். ஹலிஸ்கோ மாநிலத்தின் தெற்கு முனையில், கடலுக்கும் காயலுக்கும் நடுவே ஒரு மணல் நாக்கு. அதில் சின்ன ஊர். மணக்குடியில் பழையாறு கடலோடு சேரும் இடம் தெரிந்தவர்களுக்குச் சொன்னால் புரியும். 1564-இல் ஸ்பானியத் தளபதி லெகாஸ்பியின் கப்பல்கள் பிலிப்பைன்ஸுக்குப் புறப்பட்டதும் இங்கிருந்துதான். தள்ளுவண்டி, மீன், பிரம்பு நாற்காலியில் வாசலில் உட்கார்ந்து பேசும் கிழவிகள். இவர் உயிரே அங்கே போய்விட்டது. "இதான் பிள்ள, இதான்" என்று மூன்று நாள் சொல்லிக்கொண்டிருந்தார்.

நாலாவது ராத்திரி ஒன்றரை மணிக்கு இவருக்கு விலாவில் வலி. வாந்தி, வியர்வை. சிறுநீரகக் கல்தான் என்று எனக்குத் தெரியும், ஆனாலும் அந்த வயதில் அந்த வலியைச் சும்மா விட முடியாது. ஊரில் ராத்திரி டாக்டர் இல்லை. வாடகைக்கார் பிடித்து அடுத்த மாநிலமான கொலீமாவின் மன்சனியோ நகரத்துக்குப் போனோம். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. மெக்சிகோச் சாலையில் ஊருக்கு ஊர் 'தோப்பே' என்ற வேகத்தடை உண்டு, அதில் பலவற்றை வேகத்தடை என்பதைவிட மதில் என்பது பொருத்தம். ஒவ்வொன்றிலும் இவர் "அம்மா" என்றார். ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சரில் படுக்கவைப்பதற்கு முன்னாலேயே கடன் அட்டை கேட்டார்கள். முன்பணம் தேய்த்த பிறகுதான் ஊசி. அங்கே தனியாரில் இது பரவலான வழக்கம் என்று பின்னால் தெரிந்துகொண்டேன். அதற்குப் பிறகு கவனித்த டாக்டர் பையன் அருமையானவன், அதையும் சொல்ல வேண்டும். விடிகாலையில் கல் இறங்கிவிட்டது. பார்ரா தே நவிதாத் பற்றி இவர் அதன்பிறகு பேசவில்லை.

நிலம் வாங்குவது பற்றி ஒரு வார்த்தை. ஒரு வார்த்தை என்று ஆரம்பிக்கிறேன், நீளும்.

மெக்சிகோ அரசியல் சட்டத்தின் 27-ஆவது பிரிவு, கடற்கரையிலிருந்து 50 கிலோமீட்டருக்குள்ளும் நாட்டு எல்லையிலிருந்து 100 கிலோமீட்டருக்குள்ளும் வெளிநாட்டார் நேரடியாக நிலம் வைத்திருக்கக் கூடாது என்கிறது. எழுதியது 1917-இல். அமெரிக்கர்களுக்குக் குடியேற இடம் கொடுத்து டெக்சஸ் போய், 1848-இல் அவர்களோடு போர் முடிந்தபோது பாதி நாடே கைவிட்டுப் போனவர்களுக்கு அந்தப் பயம் இருப்பதில் என்ன தப்பு? ஆனால் பணமும் வேண்டும். அதனால் ஒரு வழி வைத்திருக்கிறார்கள்: 'ஃபிதெயிகோமிசோ'. பத்திரம் ஒரு மெக்சிகோ வங்கியின் பெயரில் இருக்கும். பலன் அனுபவிக்கிறவர் நாம். விற்கலாம், வாடகைக்கு விடலாம், பிள்ளைக்கு எழுதிவைக்கலாம். 50 வருடம், பிறகு புதுப்பிக்கலாம். வங்கிக்கு ஆண்டுக் கட்டணம் உண்டு. முறையாகச் செய்தால் பயப்பட ஒன்றும் இல்லை. அங்கே 'நோத்தாரியோ' என்றால் முத்திரை குத்துகிற ஆள் இல்லை. மாநில அரசு நியமிக்கும் மூத்த வழக்கறிஞர். அவர் இல்லாமல் பத்திரம் நகராது.

சிக்கல் வேறு இடத்தில். புரட்சிக்குப் பிறகு பெரும் பண்ணைகளை உடைத்துக் கிராமத்து உழவர்களுக்குக் கூட்டாகக் கொடுத்த நிலம் 'எஹிதோ'. நம் புறம்போக்கு மாதிரி அல்ல. உரிமை உண்டு, அது ஊரார் கூட்டத்துக்கு. 1992-இல் சட்டம் திருத்தியபிறகு அதைத் தனியார் நிலமாக மாற்றலாம், ஆனால் ஊர்க்கூட்டம் கூடி, ஒப்பி, பதிவாகி வர நாளாகும். நயாரித் மாநிலக் கரையில் எஹிதோ நிலம் நிறைய. ஓர் இடத்தில் தரகர் பாதி விலை சொன்னார், "பேப்பர் வந்துகொண்டே இருக்கிறது" என்றார். வந்துகொண்டே இருக்கிற பேப்பரை நம்பினால் என்ன ஆகும் என்பதற்குப் பாஹா கலிபோர்னியாவில் என்செனாதாவுக்குப் பக்கத்துப் புந்தா பாந்தாவைக் கேட்டால் தெரியும். நில வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2000-இல் அங்கே வீடு கட்டியிருந்த அமெரிக்கர்களை வெளியேற்றினார்கள். பெரும்பாலும் ஓய்வு பெற்றவர்கள். வீட்டுத் தரகுக்கு நாடு முழுமைக்குமான உரிமம் என்று எதுவும் மெக்சிகோவில் கிடையாது, நேற்று சர்ஃபிங் கற்றுக்கொடுத்தவர் இன்று தரகர். நான் அந்தக் கையை மரியாதையாகக் குலுக்கிவிட்டு வந்துவிட்டேன்.

யுகத்தான் மாநிலக் கரையிலிருக்கும் ப்ரொக்ரேசோவுக்கும் போனோம். என் ஆஸ்பத்திரிக் கணக்கில் முழு மதிப்பெண் வாங்கிய ஊர் அதுதான்; மெரிதா நகரம் நல்ல அகலச் சாலையில் முக்கால் மணி நேரத்துக்குள். தரை சமதளம், முழங்காலுக்குச் சொர்க்கம். கடல் மட்டும் இவருக்குப் பிடிக்கவில்லை. அவ்வளவு ஆழம் குறைவு. கப்பல் வந்து நிற்பதற்காகக் கடலுக்குள் ஆறு கிலோமீட்டருக்கும் மேல் நீளத்துக்குப் பாலம் கட்டியிருக்கிறார்கள். "இது கடலா, குளமா" என்றார். என்னைத் தடுத்தது வேறு. கரையோர வீடுகளில் பலவற்றை அக்டோபரிலிருந்து ஜூன் வரைதான் நம்மைப் போன்றவர்களுக்குக் கொடுக்கிறார்கள். ஜூலை, ஆகஸ்ட் மெரிதாக்காரர்களின் 'தெம்பொராதா'; குடும்பம் குடும்பமாகத் தங்கள் கடற்கரை வீட்டுக்கு வந்துவிடுவார்கள். வருடா வருடம் கோடையில் மூட்டை கட்ட எனக்குத் தெம்பு இல்லை.

மசட்லானுக்கு ஒரு சாக்கு கிடைத்தது. 2024 ஏப்ரல் 8 முழுச் சூரிய கிரகணம் அந்த ஊரில்தான் கரையேறியது. நாலு நிமிடத்துக்குச் சற்று அதிகம் இருட்டு. நடைபாதையில் நின்ற கூட்டம் முழுவதும் ஒரே குரலில் கத்தியது. கிரகணத்தில் வெளியே நின்றேன் என்று தெரிந்தால் என் பாட்டி மறுபடியும் ஒருமுறை செத்திருப்பாள். மசட்லான் எனக்கு மனசுக்குள் முதலிடம் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். சுற்றுலா போனாலும் பிழைத்துக்கொள்ளும் ஊர். இறால் படகுகள் நிற்கும் உண்மையான துறைமுகம், மஞ்சள் விளக்கொளியில் பிளாசா மச்சாதோ, கூரை மட்டும் போட்ட 'புல்மொனியா' வண்டிகள், 21 கிலோமீட்டர் மலேகோன். ஆனால் சினலோவா மாநிலம். அந்த வருடம் செப்டம்பரில் தலைநகர் குலியகானில் கும்பல்களுக்குள் சண்டை வெடித்தது. அமெரிக்க வெளியுறவுத் துறை ஏற்கெனவே அந்த மாநிலத்துக்குப் 'போகாதே' என்றுதான் எழுதியிருந்தது. மகள் அந்தப் பக்கத்தை அச்செடுத்துக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் வைத்தாள். மசட்லானில் இருக்கும் நண்பர்கள் இன்னமும் நடைபாதையில் காலைநடை போகிறார்கள். இருந்தாலும் மகளோடு வருடம் முழுக்க வாதாட முடியாது.

பாஹா தீபகற்பத்தின் லா பாஸும் பட்டியலில் இருந்தது. பாலைவனம்; தண்ணீர் எப்போது வரும் என்பதே அங்கே பேச்சு. 1980-களின் மெட்ராஸில் குடத்தோடு நின்ற அனுபவம் ஒரு பிறவிக்குப் போதும் எனக்கு.

இந்த இடத்தில்தான் எனக்கு ஒன்று உறைத்தது. நாங்கள் பார்த்த ஊரெல்லாம் நவம்பருக்கும் ஏப்ரலுக்கும் நடுவில் பார்த்தவை. பெண் பார்க்கப் போகிற அன்று வீட்டைப் பார்ப்பது மாதிரி. வாழப் போகிறவர்கள் பார்க்க வேண்டியது செப்டம்பர். மழை, புழுக்கம், புயல், கொசு, பூட்டிய கடை எல்லாம் ஒன்றாக இருக்கிற மாதம்.

புயலைச் சொல்லாமல் அந்தக் கரையைப் பற்றிப் பேசுவது அர்த்தமில்லாதது. 2023 அக்டோபர் 25 நள்ளிரவில் அகபுல்கோவைத் தாக்கிய ஓட்டிஸ், முந்தைய நாள் சாதாரணப் புயல். ஒரே நாளில் உச்சமான ஐந்தாம் வகைக்கு ஏறிவிட்டது. ஜனங்களுக்குச் சாமான் கட்டக்கூட நேரமில்லை. கடலைப் பார்த்த அடுக்குமாடிகளின் கண்ணாடிச் சுவரெல்லாம் உதிர்ந்து எலும்புக்கூடாக நின்ற படங்களைப் பார்த்திருப்பீர்கள். வயார்த்தாக்காரர்கள் தங்களை மலையும் வளைகுடாவும் காப்பாற்றும் என்று நம்புகிறார்கள். ஓரளவு உண்மைதான், 2015-இல் பட்ரீசியாவும் 2023-இல் லிதியாவும் தெற்கே ஒதுங்கித்தான் கரையேறின. ஆனால் 2002-இல் கென்னா, வடக்கே சான் பிளாஸ் பக்கம் கரையேறினாலும், அலையைக் கிளப்பி மலேகோனைப் பெயர்த்தது. 2021 ஆகஸ்டில் நோரா வந்தபோது குவாலே ஆறு பெருகி, கரையில் இருந்த கட்டடம் இடிந்து, ஒரு பாலமும் போனது. ஆகவே மலையை நம்புகிறவர்கள் ஆற்றையும் கொஞ்சம் திரும்பிப் பார்க்க வேண்டும்.

2024 செப்டம்பரில் மூன்று வாரம் வயார்த்தாவில் அறை எடுத்தோம். விமானத்தில் பாதி காலி. பிப்ரவரியில் இடம் கிடைக்காமல் நின்ற உணவகங்களில் 'அக்டோபர் வரை மூடல்' என்று அட்டை தொங்கியது. காலை எட்டு மணிக்கே கழுத்து கசகசத்தது. சாயங்காலம் மலைப்பக்கம் கறுத்து, இடி இடித்து, தெருவெல்லாம் ஓடையாகும், மின்சாரம் போகும், மறுபடி வரும். டெங்கு அதிகமான வருடம் அது. கை காலெல்லாம் களிம்பு. குளிர்சாதனத்தை இஷ்டத்துக்கு ஓட்டவும் முடியாது. மின்வாரியக் கணக்கில் வருடச் சராசரி ஓர் அளவைத் தாண்டினால் மானியம் இல்லாத கட்டணத்துக்கு மாற்றிவிடுவார்கள், பிறகு இறங்கி வருவது பெரும்பாடு.

எனக்கு அந்த மூன்று வாரம் பிடித்திருந்தது. தென்மேற்கும் வடகிழக்கும் இரண்டு மழையும் பார்த்து வளர்ந்த உடம்பு என்பதாலோ என்னவோ. ஆங்கிலம் பேச ஆளில்லாததால் என் ஓட்டை ஸ்பானிஷுக்கு முதல் தடவையாக வேலை வந்தது. அதில் 'தூ', 'உஸ்தெத்' என்று நீ, நீங்கள் இருப்பது எவ்வளவு ஆறுதல்! அமெரிக்காவில் இருபது வயதுப் பையன் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டபோதெல்லாம் உள்ளே ஏதோ சுருங்கும். இங்கே மருந்துக் கடைப் பையன் மரியாதையாகத் 'தோன்யா' என்கிறான். செப்டம்பர் 15 ராத்திரி, சுதந்திர முழக்கத்துக்கு, கிரீடம் வைத்த கோபுரமுள்ள தேவாலயத்துக்குப் பக்கத்துச் சதுக்கத்தில் உள்ளூர்ச் சனம் மொத்தமும் திரண்டு நின்றது. மேயர் மாடத்தில் வந்து மணியடித்து "விவா மெஹிகோ" என்றதும் தூறல் போட்டது, ஒருவரும் நகரவில்லை. வீட்டுக்காரம்மா கொடுத்தனுப்பிய 'பொசோலே' ஒரு பாத்திரம் நிறைய. பெரிய சோளக்கொட்டையும் கறியும் கொதித்த சூப்பு. இவர் அதில் எலுமிச்சை பிழிந்து, ஊரிலிருந்து வந்த மிளகுப்பொடியைத் தூவி, இரண்டு வேளைக்கு வைத்துச் சாப்பிட்டார்.

வீட்டுக்காரம்மாவிடம் பேசியபோதுதான் எங்களைப் பற்றியும் ஒன்று தெரிந்தது. அந்த அம்மாள் பிறந்தது பழைய நகரத்தில், ஆற்றங்கரையில். இப்போது பிள்ளைகள் பித்தியால் பக்கம் வாடகைக்கு இருந்து, பஸ் ஏறிக் கடற்கரை ஓட்டலுக்கு வேலைக்கு வருகிறார்கள். நகரத்துக்குள் வாடகை கொடுக்க முடியாது. டாலரோடு வந்தவர்கள்தான் அதை ஏற்றியது. நாங்களும்தான். அந்த அம்மாள் இதைக் குற்றமாகச் சொல்லவில்லை, மழையைப் பற்றிச் சொல்வது மாதிரி சொன்னார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. இருப்பதாகக் காட்டிக்கொள்ளவும் விருப்பமில்லை.

டாலரும் நிலையானது இல்லை. 2020 வசந்தத்தில் ஒரு டாலருக்கு 25 பேசோ வரை கிடைத்தது. 2024 ஏப்ரலில் 17-க்கும் கீழே. நாங்கள் செப்டம்பரில் போனபோது மறுபடி 19-ஐத் தாண்டியிருந்தது. மாதச் செலவைக் கணக்கிடுகிறவர்கள் கீழ் எண்ணை வைத்துக் கணக்கிடுங்கள். விசாவும் அதே கதை. தற்காலிக வசிப்புரிமைக்கு மாத வருமானம், நாள் குறைந்தபட்சக் கூலியைப்போல் 300 மடங்கு காட்ட வேண்டியிருந்தது. 2018-இல் நாள் கூலி 88.36 பேசோ, மாதம் சுமார் 26,500 காட்டினால் போதும். 2024-இல் கூலி 248.93, ஏறக்குறைய 74,700. உழைக்கிறவர்களுக்குக் கூலி ஏறியது, எங்களைப் போன்றவர்களுக்கு வாசல்படி ஏறியது. எனக்கு அதில் வருத்தமில்லை. விண்ணப்பத்தை மெக்சிகோவுக்கு வெளியே ஒரு தூதரகத்தில் கொடுக்க வேண்டும். விசா ஒட்டிய பிறகு 180 நாளுக்குள் நாட்டுக்குள் நுழைந்து, நுழைந்த 30 நாளுக்குள் அட்டைக்கு எழுதிக்கொடுக்க வேண்டும். முதலில் ஒரு வருடம், பிறகு மூன்று வருடம், அதன்பின் நிரந்தரம். கேட்கும் தொகை தூதரகத்துக்குத் தூதரகம் கொஞ்சம் மாறும். முதலில் தொலைபேசியில் கேட்டுவிட்டுப் போங்கள்.

மருத்துவம் என் துறை என்பதால் அதில் நான் கஞ்சத்தனம் பார்க்கவில்லை. முதியோருக்கான அமெரிக்க அரசுக் காப்பீடான மெடிகேர் மெக்சிகோவில் செல்லாது. இருந்தாலும் அதில் டாக்டர் செலவுக்கான, இவருடைய 'பகுதி பி'-யை விடவில்லை. 2024-இல் மாதம் 174.70 டாலர். விட்டுவிட்டுப் பிறகு சேர்ந்தால் தவறிய ஒவ்வொரு பன்னிரண்டு மாதத்துக்கும் 10 சதவீதம் ஆயுளுக்கும் அபராதம். பெரிய அறுவை என்றால் விமானம் ஏறிவிடலாம். மெக்சிகோ அரசின் சமூகக் காப்பீட்டில் வெளிநாட்டாரும் பணம் கட்டிச் சேரலாம், ஆனால் ஏற்கெனவே உள்ள பல நோய்களுக்கு அதில் இடமில்லை. சளி, காய்ச்சலுக்கு மருந்துக் கடையை ஒட்டியே டாக்டர் உட்கார்ந்திருக்கிறார், மலிவு.

கடைசியில் எடுத்த வீடு ஃப்லூவியால் என்ற பகுதியில். சமதளம், அகலமான நடைபாதை, பெரிய ஆஸ்பத்திரிக்குக் காரில் பத்து நிமிடத்துக்குள். தரைத்தளம், மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டி, வாசலில் ஒரு முருங்கை. வாங்கவில்லை, வாடகைதான். உள்ளூரில் சொத்துள்ள ஒருவர் ஜாமீன் நிற்க வேண்டும் என்றார்கள். எங்களுக்கு யார் நிற்பார்? கூடுதலாக ஒரு மாத முன்பணம் கொடுத்து முடித்தோம். எந்த ஜன்னலைத் திறந்தாலும் எதிர்வீட்டுச் சுவர்தான். கடலுக்கு இருபது நிமிட நடை.

"மூணு வருசம் கடலத் தேடி அலஞ்சு, கடைசில செவரப் பாத்து உக்கார வச்சுட்டியே" என்றார் இவர். உப்புக் காற்றில் குளிர்சாதனப் பெட்டி எத்தனை வருடத்தில் துருப்பிடிக்கும் என்று சொன்னேன். ஓட்டிஸைச் சொன்னேன். எழுபத்திரண்டு படியைச் சொன்னேன். ஒன்றும் பேசாமல் போய் ஒரு மடக்கு நாற்காலி வாங்கிவந்தார்.

2025 ஜனவரியில் குடி வந்தோம். விடிந்ததும் நாற்காலியைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறார். மழைக்காலத்திலும் நிற்கவில்லை, குடையும் சேர்ந்துகொண்டது. ஒன்பது மணிக்குத் திரும்பி வருவார். "இருக்கா?" என்று கேட்பேன். "இருக்கு" என்பார். நாற்காலியைக் கதவுக்குப் பின்னால் சாய்த்துவைப்பார். அதிலிருந்து உதிரும் மணலை நான்தான் கூட்ட வேண்டியிருக்கிறது.